எதிர்வீட்டுத் துபாய்

வேனில் இருந்தவர்கள்: பயணம் போகிற ஜெய்லானி. அவனைப் பெற்ற அம்சத் பீவி. அவன் பெண்டாட்டி மெகருன்னிசா. அவன் தகப்பனாரின் தம்பி, எதிர்வீட்டு நூர் முகம்மது, அவர் மனைவி, அவர்களுடைய நாலு பெண் மக்கள். மெகருன்னிசாவின் அண்ணன்மார் இரண்டு பேர். வழியில் துஆ ஓத பள்ளிவாசல் ஹஜ்ரத். கடலைப் பார்த்ததே இல்லை என்பதற்காக அடுத்த தெரு ஞானபாக்கியம் டீச்சர். ஏலக்காய் பொறுக்க வீட்டுக்கு வரும் பெண்கள் இரண்டு பேர். வண்டியை ஓட்டிய பழனிசெட்டிபட்டி செல்லப்பாண்டி. ஆக மொத்தம் பதினாறு. விமானத்தில் ஏறப் போவது ஒருவன்.

"ஆளு ஒண்ணு, வழியனுப்ப பதினஞ்சு. ப்ளேன்காரன் என்னைய மாதிரி ஏத்துனான்னா அவனுக்கு நஷ்டமே வராது பாய்" என்றான் செல்லப்பாண்டி, லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறுகையில் கியரை மாற்றிக்கொண்டே.

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு. அவன் போய்ச் சேரணும், நாங்க திரும்பி வரணும்" என்றார் நூர் முகம்மது.

எண்பத்து நாலாம் வருஷம் ஜூலை மாதம். குமுளியில் பிடித்த மழை முண்டக்கயம் இறங்கியும் விடவில்லை. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் வண்டியை ஓரங்கட்டி, புளிச்சோறும் அவித்த முட்டையும் வண்டிக்குள்ளேயே தின்றார்கள். ஆண்கள் முன்னால், பெண்கள் பின்னால். மெகருன்னிசாவுக்கு வழி நெடுகத் தெரிந்ததெல்லாம் ஜெய்லானியின் பிடரிதான். முந்தின நாள் முடி வெட்டியிருந்தான். கத்தி பட்ட இடம் வெளுத்து, ஒரு சின்னக் கீறலோடு இருந்தது. அந்தக் கீறலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டை அவள் பார்ப்பது இது மூன்றாவது தடவை. எழுபத்தொன்பதில் முதன்முதலாக அவனை அனுப்ப வந்தபோது ஒரு பெரிய கொட்டகை போலத்தான் அவளுக்குத் தெரிந்தது. பக்கத்தில் கம்பிவேலி. வேலிக்கு அந்தப் பக்கம் நடந்து போனவன் சட்டென்று திரும்பி வந்து விரலை நீட்டினான். கம்பிக்கு நடுவே அவள் தொட்டாள். எண்பத்தொன்றில் வந்தபோது மின்விசிறி சுற்றியது, உட்கார பெஞ்சு இருந்தது, குடிக்கக் குழாய் இருந்தது. வேலி இருந்த பக்கம் கண்ணாடி வைத்திருந்தார்கள். அவன் அந்தப் பக்கம் கையை வைத்தான், இவள் இந்தப் பக்கம் வைத்தாள். கண்ணாடி ஜில்லென்று இருந்ததுதான் நினைவிருக்கிறது.

இப்போது மாடி எழும்பியிருந்தது. பார்வையாளர் டிக்கெட் வாங்கிக்கொண்டு மேலே ஏறினால் விமானம் நிற்கும் இடத்தைப் பார்க்கலாம். ஒலிபெருக்கி, பெட்டி எடை போட முள் ஓடும் மிஷின், பெண்களுக்குத் தனிக் கழிவறை. வாசலில் துப்பாக்கி வைத்த போலீஸ். ப்ளேன் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் இல்லாதவர் வாசற்படிக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும். அந்தாண்டை இன்னொரு கட்டடத்துக்குச் சாரம் கட்டியிருந்தார்கள். மழையில் கோணிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பெண்கள் ஜல்லி சுமந்தார்கள். ஏர்போர்ட் பெருக்கப் பெருக்க ஜெய்லானி சிறுத்துக்கொண்டே வந்தான். முதல் தடவை விரல். அடுத்த தடவை உள்ளங்கையின் நிழல். இந்தத் தடவை மாடியிலிருந்து பார்த்தால் ஒரு சட்டையின் நிறம் தெரியலாம்.

வாசலில் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவன் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தான். துபாயில் அவனுக்கு அதே வேலைதான். ஏர்போர்ட் கட்டும் கம்பெனியில் கண்ணாடி மாட்டுகிறான்.

"அங்கன நாங்க கட்டுறதுல இந்த மாதிரி பத்து அடங்கும்" என்றான். "கதவுக்குக் கைப்பிடியே கெடையாது. ஆளு கிட்டப் போனா தானாத் தொறந்துக்கிரும்."

"போனப்பறம்?" என்றாள் மெகருன்னிசா.

"தானா மூடிக்கிரும்."

"பூட்டு?"

"பூட்டெல்லாம் கெடையாது."

"பூட்டில்லாத கதவு என்னத்துக்கு மச்சான்?"

அவன் சிரித்தான். அவள் கேட்க வந்தது கதவைப் பற்றி இல்லை. சுற்றிலும் இத்தனை பேர் நிற்கும்போது கேட்க வந்ததைக் கேட்க முடியாது. நாற்பத்தைந்து நாள் லீவில் வந்திருந்தான். வந்த வாரமே அவன் தங்கச்சிக்கு நிக்காஹ் பேசி, மார்க்கையன்கோட்டைக்கும் சின்னமனூருக்கும் அலைந்து, பத்திரிகை வைத்து, பந்தல் போட்டு, வீடு முழுக்க விருந்தாளி. இருந்த ஒரே அறையைக் கல்யாணச் சீர் சாமான்கள் அடைத்துக்கொண்டன. மெகருன்னிசா அடுப்படியில் பெண்களோடு பாய் விரித்தாள். அவன் மொட்டை மாடியில் மாப்பிள்ளை வீட்டு ஆண்களோடு படுத்தான். கல்யாணத்துக்கு வந்த கடைசி விருந்தாளி கிளம்பிய மறுநாள் இவன் பயணம் சொல்லக் கிளம்பிவிட்டான். சொந்தக்காரர் வீடு ஒவ்வொன்றாக ஏறி, போய்ட்டு வாறேன், போய்ட்டு வாறேன் என்று மூன்று நாள். இந்த லீவில் இரண்டு பேரும் தனியாகப் பேசிக்கொண்டதைக் கூட்டினால் ஒரு பொழுதுக்கு வராது.

அவன் உள்ளே போனான். மற்றவர்கள் டிக்கெட் வாங்கி மாடி ஏறினார்கள்.

மேகம் தென்னை மரத்து உச்சியில் உட்கார்ந்திருந்தது. மூன்று மணிக்கு மேல் சத்தம் கேட்டது. பதினைந்து பேரும் அண்ணாந்தார்கள். மேகத்துக்கு உள்ளே எங்கேயோ உறுமிக்கொண்டு வந்து, தலைக்கு மேல் கடந்து, கடல் பக்கம் போனது. ஒன்றும் தெரியவில்லை. ஞானபாக்கியம் டீச்சர் சிலுவை போட்டுக்கொள்ளவில்லை, ஆனால் உதடு அசைந்தது. திரும்பவும் சத்தம் வந்தது. இந்தத் தடவை இன்னும் தாழ. மூன்றாம் தடவை வந்தது. அப்புறம் வடக்கே நகர்ந்து, மெலிந்து, மழைச் சத்தத்துக்குள் போய்விட்டது.

ஒலிபெருக்கி பேசியது. குமுளிக்கும் கோட்டயத்துக்கும் வண்டி ஓட்டிப் பழகிய செல்லப்பாண்டிக்கு மட்டும்தான் மலையாளம் பிடிபட்டது.

"எறங்க முடியலையாம். பம்பாய்க்குப் போயிருச்சாம். அடுத்த ப்ளேன் வர்ற வியாழக்கெழமதானாம்" என்றான். "பதினாறு பேரு ஒண்ணா வந்தா அதுவும் பயப்படத்தான செய்யும்."

அம்சத் பீவி மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மெகருன்னிசா முந்தானையை வாயில் வைத்து இருமினாள். இருமல் வரவில்லை. முகத்தை மறைக்க வேண்டியிருந்தது. எட்டு நாள். விருந்தாளி இல்லாத வீடு. அறையில் சாமான் இல்லை. எட்டு நாள்.

திரும்பும்போது மலைப்பாதை முழுக்க அவள் சமைத்துக்கொண்டே வந்தாள். முதல் நாள் நெய்ச்சோறும் தாளிச்சாவும். அடுத்த நாள் தக்கடி, கறியை நிறையப் போட்டு. மூன்றாம் நாள் ஒன்றும் வேண்டாம், ரசம் போதும், சமைத்தே பொழுது போய்விடக் கூடாது. முன் சீட்டில் அந்தப் பிடரி தூக்கத்தில் ஆடிக்கொண்டு வந்தது.

உத்தமபாளையத்தில் வண்டி தெருவுக்குள் நுழைகையில் விடிந்து பால்காரர் போய்க்கொண்டிருந்தார். எல்லாருக்கும் முன்னால் இறங்கியது அம்சத் பீவிதான். முட்டி வலிக்காரி அன்றைக்கு இரண்டு படியையும் ஒரே எட்டில் ஏறினாள். கதவைத் திறந்து, திரும்பி நின்று, நிலையின் இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டாள்.

"நில்லுலே. படி ஏறாத."

பெட்டியோடு ஜெய்லானி நின்றான். "என்னம்மா?"

"பாத்திஹா ஓதி, பயணம் சொல்லி, படி எறங்கிட்ட. போய்ட்டு வந்துதான் ஏறணும். போகாமத் திரும்பி ஏறக் கூடாது."

"எட்டு நாளும்மா. எட்டு நாளு நான் எங்கன இருக்க?"

"சின்னத்தா வீடு எதுக்க இருக்குல்ல. அங்கன இரு."

வண்டிக்குள்ளிருந்து ஹஜ்ரத் தலையை நீட்டினார். "பீவி, மார்க்கத்துல அப்படியெல்லாம் ஒண்ணும் சொல்லலயே."

"மார்க்கத்துல இல்ல ஹஜ்ரத். எங்க வீட்டுல இருக்கு."

ஹஜ்ரத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். தெருவுக்கே தெரிந்த கதை. அறுபத்திரண்டில் ஜெய்லானியின் அத்தா காசிம் ராவுத்தர் கண்டிக்குக் கிளம்பினார், அங்கே ஒரு துணிக்கடையில் வேலை. பயணம் சொல்லிப் படி இறங்கி பஸ் ஸ்டாண்டு வரை போனவர், மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தார். வீட்டுக்குள் வந்தார், தண்ணீர் குடித்தார், போனார். நாற்பதாம் நாள் தந்தி வந்தது. காய்ச்சல். கண்டியிலேயே அடக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் பயணம் சொல்லிப் படி இறங்கியவர் போகாமல் திரும்பி ஏறுவதில்லை. சாவியை மறந்தால்கூட ஜன்னல் வழியாகத்தான் வாங்க வேண்டும்.

ஜெய்லானி பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தான். பன்னிரண்டு எட்டு. மெகருன்னிசா எண்ணினாள்.

அந்த எட்டு நாளை எப்படிச் சொல்வது? துபாயில் இருக்கிறவனை நினைத்துக்கொண்டு இருப்பதற்கு ஒரு பழக்கம் வந்துவிடும். கடிதம் வரும் நாள், வராத நாள் என்று உடம்பு ஒரு கணக்குக்கு வந்துவிடும். எதிர்வீட்டில் பல் விளக்குகிறவனை அப்படி நினைக்க முடியாது. அவன் கொப்புளிக்கும் சத்தம் கேட்டது. நூர் முகம்மதுவின் பெண்கள் அவனிடம் வம்பளந்து சிரிப்பது கேட்டது. அவன் துவைத்துக் காயப்போட்ட பனியன் எதிர்க் கொடியில் ஆடியது.

வாசல் வெளிச்சத்தில் சுளகை வைத்துக்கொண்டு அவள் ஏலக்காய் பொறுக்கினாள். கம்பத்து வியாபாரி ஒருவர் மூட்டையாக இறக்கிவிட்டுப் போவார். பருங்காய் தனி, சிறுகாய் தனி, வெடித்தது தனி, பூச்சி விழுந்தது தனி. கை தானாகப் பிரிக்கும், கண் சும்மாதான் இருக்கும். அந்தக் கண்ணுக்கு எதிர்வீட்டைத் தவிர வேலை இல்லை. பருங்காயோடு சிறுகாய் கலந்து போவதை ஜக்கம்மா பார்த்துவிட்டாள். காய் பொறுக்க வருகிறவள், வாய் நிற்காது.

"ஏத்தா மெகரு, துபாய்ல இன்னைக்கு என்ன கொழம்பு?"

"தெரியல ஜக்கம்மாக்கா. காத்து இந்தப் பக்கம் அடிக்கல."

"கடல் தாண்டிப் போனவகளாச்சும் ரெண்டு வருசத்துல வந்துருவாக. தெருத் தாண்டிப் போனவரு எப்ப வருவாரோ."

அம்சத் பீவி உள்ளேயிருந்து கனைத்தாள். ஜக்கம்மா வாயை மூடி, சுளகைப் புடைத்தாள். தொலி பறந்தது. அதைக் கூட்டவும் முடியாது. பயணம் போனவர் ப்ளேன் ஏறும்வரை வீடு கூட்டக் கூடாது என்பது இன்னொரு கட்டளை. ஏலக்காய்த் தொலி மூலையில் குவிந்தது. அறைக்குள் அவன் கடைசியாக மிதித்த ஈரக்கால் தடம் புழுதியில் காய்ந்து கிடந்தது. அவள் அதைச் சுற்றி நடந்தாள்.

மூன்று வேளையும் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோனாள். அங்கே எந்நேரமும் நாலு பேர் இருந்தார்கள். அவன் தின்பான், இவள் தூணருகில் நிற்பாள், காலிச் சட்டியோடு திரும்புவாள். ஐந்தாம் நாள் நூர் முகம்மது தொழப் போயிருந்தார், பெண்கள் கிணற்றடியில் இருந்தார்கள்.

"மச்சான், கொல்லைக் கதவத் தொறந்து போடுறேன். மாமி இஷா தொழுதுட்டுப் படுத்துருவாக. வாங்க" என்றாள். இதைச் சொல்ல அவளுக்கு ஐந்து நாள் ஆகியிருந்தது.

அவன் கையில் இருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தான்.

"எனக்கு மட்டும் ஆசையில்லையா மெகரு? இங்கனருந்து பாத்தா நம்ம வீட்டு அடுப்புப் பொக தெரியுது. எனக்கு எப்படி இருக்கும்?"

"பின்ன?"

"அங்கன ஏழாவது மாடி ஒசரத்துல கயித்துல தொங்கிக்கிட்டு கண்ணாடி மாட்டுறேன். காத்து அடிச்சா கண்ணாடி நம்மளத் தள்ளும். அப்ப மனசுல ஒரு உறுத்தலும் இருக்கக் கூடாது. அம்மா பேச்ச மீறி படி ஏறிட்டோமேன்னு ஒரு நிமிசம் நெனச்சேன்னா கை நடுங்கிரும். பொய்யோ நெசமோ, கை நடுங்கிரும்."

வேண்டாம் என்று அவன் முகத்தைத் திருப்பியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். சட்டியைக் கழுவாமல் அப்படியே எடுத்துக்கொண்டு வந்தாள். அன்று இரவு கொல்லைக் கதவின் கொண்டியை அவளே போட்டாள்.

புதன்கிழமை வந்தது. சாயந்திரம் செல்லப்பாண்டி வேனைக் கொண்டுவருவான். இந்தத் தடவை ஆறு பேர் போதும் என்று நூர் முகம்மது சொல்லிவிட்டார், பெண்கள் யாரும் வேண்டாம், மழை. அதாவது மாடியிலிருந்து சட்டையின் நிறத்தைப் பார்ப்பதும் இல்லை.

மத்தியானம் ஜக்கம்மா வரவில்லை. மாமியும் மருமகளும் மட்டும் பொறுக்கி முடித்த காயைச் சாக்கில் கட்டினார்கள். வியாபாரியின் ஜீப் மெயின் ரோட்டுக்கு வரும், கொண்டுபோய்ப் போட வேண்டும். சணலை இழுத்து முடிச்சுப் போடுகையில் மெகருன்னிசாவின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு சாக்கில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை.

"காய் நனஞ்சா கறுத்துப் போகும்" என்றாள் அம்சத் பீவி.

"போகட்டும்."

அம்சத் பீவி அவளைப் பார்த்தாள். ஐந்து வருஷத்தில் மருமகள் இப்படிப் பேசியதில்லை. சணல் நுனியை விரலில் சுற்றி, அவிழ்த்து, திரும்பச் சுற்றினாள்.

"உங்க மாமா மூக்குக்கண்ணாடிய மறந்துட்டு வந்தாருன்னு ஊரு பூரா சொல்லுது."

"நீங்கதான மாமி சொன்னீக."

"நாந்தான் சொன்னேன். கண்ணாடி அவரு சட்டப் பையிலதான் இருந்துச்சு."

மெகருன்னிசா நிமிர்ந்தாள்.

"பஸ்ஸு ஒரு மணி நேரம் லேட்டுன்னாக. திரும்பி வந்துட்டாரு. மாமனாரு மாமியாரு எல்லாரும் அவர பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டு, கம்பத்துல ஒருத்தரு மௌத்தாயிட்டாருன்னு துட்டி கேக்க அப்படியே போயிட்டாக. வீட்டுல நான் மட்டுந்தான். மூணு வயசு ஜெய்லானி பாயில தூங்குறான்." அவள் குரல் ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை. "தண்ணி குடிக்கல. அது சும்மா சொன்னது."

தெருவில் ஐஸ்காரனின் மணி போனது.

"உள்ள விட்டதுக்கு வருத்தப்பட்டீகளா மாமி?"

"இருவத்திரெண்டு வருசமா அதத்தான் யோசிக்கிறேன். வாசல்லயே நிறுத்தியிருந்தா திரும்பி வந்துருப்பாரோன்னு ஒரு நாளு தோணும். வாசல்ல நிறுத்தி அனுப்பி, அப்பறமும் அவரு வராமயே போயிருந்தா என்ன பண்ணிருப்பேன்னு ஒரு நாளு தோணும்." சணலை அறுத்தாள். "ரெண்டாவது நெனச்சாத்தான் மூச்சு முட்டுது. இத எவகிட்டயும் சொல்லிறாத."

எழுந்தாள். ஆணியில் தொங்கிய பூட்டை எடுத்தாள். இரும்புப் பூட்டு, உள்ளங்கை அகலம். வீட்டில் எப்போதும் ஆள் இருப்பதால் ஏர்போர்ட்டுக்குப் போகிற நாளைத் தவிர அதற்கு வேலை இருக்காது. சாவியைப் போட்டுத் திருகிப் பார்த்தாள். மழை ஈரத்தில் இறுகியிருந்தது, திருகவில்லை. விளக்கெண்ணெய் இரண்டு சொட்டு விட்டாள். திருகியது.

வாசலில் நின்று எதிர்வீட்டைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"ஏலே ஜெய்லானி! இங்கன வாலே!"

அவன் தெருவைக் கடந்து வந்து படிக்குக் கீழே நின்றான். துண்டைத் தோளில் போட்டிருந்தான். பின்னால் நூர் முகம்மதுவும் தன் வாசலுக்கு வந்து நின்றார்.

"மூட்டை தூக்க ஆளு வரல. ஜீப்பு வந்துரும். தூக்கு" என்றாள் அம்சத் பீவி.

"நீங்க வெளிய எடுத்து வைங்க. நான் இங்கனருந்து தூக்கிக்கிறேன்."

"ரெண்டு பொம்பளையும் சேந்து இத அசைக்க முடியுமா? உள்ள வந்து தூக்கு."

அவன் படியைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். "படி ஏறக் கூடாதுன்னு நீங்கதான..."

"பயணக்காரன் ஏறக் கூடாது. செமக்காரன் ஏறலாம். மூட்டை தூக்க எத்தன பேரு இந்தப் படி ஏறி எறங்குறான், எவன் போய்ச் சேராம இருந்தான்? துண்டத் தலையில கட்டு."

அவன் அசையவில்லை.

"நான் சொல்றேன்ல. நான் வச்சதுதான அது. பெத்தவ வாயால சொல்றேன், ஒன் மனசுல ஒரு உறுத்தலும் வேண்டாம். கட்டுலே துண்ட."

அவன் துண்டை உதறித் தலையில் முண்டாசு கட்டினான். கை லேசாக நடுங்கியது. பிறகு நின்றது. இரண்டு படி ஏறி, நிலையில் தலை இடிக்காமல் குனிந்து, உள்ளே வந்தான். ஏலக்காய்த் தொலி அவன் காலில் நொறுங்கியது. மெகருன்னிசா சுவரோடு ஒட்டி நின்றாள். மூட்டையைத் தூக்க அவன் குனிந்தான்.

அம்சத் பீவி காலியான சுளகை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே போனாள். கதவு மூடியது. வீடு சட்டென்று இருண்டது.

"எங்க மதினி, மூட்டையை விட்டுட்டுப் போறீக?" வெளியே நூர் முகம்மதுவின் குரல்.

"ஜீப்பு வர நேரமாகுமாம். நான் டீச்சர் வீடு வரைக்கும் போயிட்டு அசர் தொழுகைக்கு வாறேன்."

"ஜெய்லானி?"

"எவன் ஜெய்லானி? அவன் போய் எட்டு நாளாச்சு. வீட்டுல ஆருமில்ல கொழுந்தனாரே."

அப்புறம் நூர் முகம்மது தொண்டையைச் செருமிக்கொண்டு தன் வீட்டுக்குள் போகிற செருப்புச் சத்தம் கேட்டது. ஜெய்லானி குனிந்தபடியே நின்றான். தலை முண்டாசு அவிழ்ந்து ஒரு பக்கம் தொங்கியது. வெளியே கொண்டி இழுபட்டது, வளையத்தில் விழுந்தது, பூட்டு ஒரு தடவை சறுக்கி, எண்ணெய் போட்ட நாக்கு உள்ளே போய்க் கடித்தது. அம்சத் பீவி ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். பூட்டியிருந்தது.